தொண்டையில் ஒட்டிய சிவப்பு அம்பு

1. இளநீர்

அந்த மச்சானின் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது. கையிலிருந்த இளநீரும் ஸ்ட்ராவும் மறக்கவில்லை.

நான் விழுங்குதல் பயிற்சியாளர். பக்கவாதம் வந்தவருக்கு வாய் வழியாகச் சோறு தரலாமா, தண்ணீர் தரலாமா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரிட்டையர் ஆகும்வரை அதைத்தான் செய்தேன். பெரும்பாலும் “தரக்கூடாது” என்றுதான் சொல்வேன். அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் அவர்களைப் பிடிக்காது.

ராமசாமி அனுப்பர்பாளையம் பக்கம் பனியன் கம்பெனி முதலாளி. மூளைத்தண்டில் பக்கவாதம். மூக்கில் டியூப், அதன் வழியாகத்தான் கஞ்சி. “வாயில் எதுவும் தரக்கூடாது” என்று கட்டிலுக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் அவருடைய மச்சான் அவருக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“போர்டு படிக்கத் தெரியாதுங்களா?”

“படிச்சனுங்க. அது சோத்துக்குன்னு நெனச்சனுங்க. இது எளனிதானுங்களே, குளிர்ச்சி.”

“இருமலே வரலீங்க பாருங்க” என்று ராமசாமி கரகரத்த குரலில் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இருமல் வராததுதான் ஆபத்து. இளநீர் நுரையீரல் பக்கம் போயிருக்கிறது, தொண்டைக்கு அது தெரியவே இல்லை. சாயங்காலம் காய்ச்சல் அடித்தது.

2. கடைசி நாலு பேர்

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மூளையிலிருந்து நேராக வரும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. நமக்குச் சோறு போடுபவை கடைசி நாலு. ஒன்பதாவது தொண்டையில் எது பட்டாலும் சேதி சொல்லும், நாக்கின் பின்பக்கச் சுவையும் அதன் பொறுப்பு. பத்தாவது அண்ணத்தைத் தூக்கும், குரல்நாணை மூடும், விழுங்க வைக்கும், இன்னும் இதயம், வயிறு வரை ஓடும். பதினொன்றாவது கழுத்தைத் திருப்பும், தோளைத் தூக்கும். பன்னிரண்டாவது நாக்கை அசைக்கும்.

ராமசாமிக்கு ஒன்பதும் பத்தும் வலது பக்கம் படுத்துவிட்டன. “ஆ” சொல்லச் சொல்லி டார்ச் அடித்தேன். வலது அண்ணம் தொங்கியபடியே இருந்தது, உள்நாக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. ஆனால் பதினொன்றும் பன்னிரண்டும் ஜோராக இருந்தன. அதை வைத்துக்கொண்டு மனிதர் ஊரை ஏமாற்றினார். வருகிறவர்களிடமெல்லாம் நாக்கை நேராக நீட்டுவார், தோளைக் குலுக்குவார். “நல்லாத்தான் இருக்காரு, அந்தம்மாதான் பட்டினி போடுது” என்று அவர்கள் என்னை முறைத்துவிட்டுப் போவார்கள்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் ஒரு கிடா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொங்கலூரில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. அதில் நாலு வாய் கறியாவது தின்றே ஆகவேண்டும். பெரிய டாக்டரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நமக்கு வேண்டியவருங்க மேடம். கொஞ்சம் பார்த்து எழுதுங்க.”

“பார்த்துத்தான் சார் எழுதுவேன். பார்க்காம எழுதறதுக்கு வேற ஆளை வைங்க.”

நான் கையெழுத்துப் போட்டால் டியூப் வெளியே, கறி உள்ளே. அப்புறம் நிமோனியா. பிழைத்தால் அவர் அதிர்ஷ்டம்.

3. கன்னத்தில் ஒரு ஸ்பூன்

வியாழக்கிழமை மறுபடியும் சோதனை. நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, குரல்வளை மேலே ஏறுகிறதா என்று கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். ஏறவில்லை. ஆனால் ராமசாமி ‘விழுங்கியாச்சு’ என்று தலையாட்டினார். முகத்தில் பச்சைக் குழந்தையின் வெகுளித்தனம்.

தண்ணீரைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். பன்னிரண்டாவது நரம்பின் உபயம்.

வாயைத் திறக்கச் சொன்னேன். கேளாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்தார். நானும் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். பிறகு அவர் தலையை முன்னால் குனிய வைத்து, தாடைக்கு அடியில் ட்ரேயைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:

“ஏனுங்க முதலாளி, உங்க கம்பெனி பனியன் ரெண்டே அலசுல சாயம் போயிருதாமே?”

“எவன் சொன்னான்?”

அவ்வளவு தண்ணீரும் ட்ரேயில்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி மரகதம் சிரிக்கவில்லை. கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

“ஏனுங்க, பெட்டியில மேல நல்ல பீஸ், அடியில டேமேஜ் பீஸ் அடுக்கற வேலைய உங்க உசுருலயுமா பண்ணுவீங்க?” என்றார்.

கைப்பையைத் திறந்தார். செக்கிங்கில் ஓட்டையோ கறையோ இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ரோல் உள்ளே கிடந்தது. ஒன்றைக் கிழித்துப் புருஷனின் தொண்டையில், குரல்வளைக்கு நேராக ஒட்டினார்.

“இது இருக்கற வரைக்கும் நீங்க பேக்கிங்குக்குப் போக முடியாது.”

“நாந்தானே புள்ள ஓனரு?”

“ஓனருன்னா ஓட்டை இருக்காதா?”

4. கிடா

அதன் பிறகு நடந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் போர்டை ஒருவரும் மதித்ததில்லை. இந்த அம்பைப் பார்த்ததும் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் அதை அப்படியே பைக்குள் வைத்தார்கள். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது செக்கிங் டேபிளில் நின்றிருப்பார். அம்பு ஒட்டிய பீஸை ஆல்டர் பண்ணிக் குறையைச் சரிசெய்யாமல் பெட்டியில் போட அவர்களுக்குக் கை வராது. இளநீர் மச்சான்கூட அம்பை உற்றுப் பார்த்துவிட்டு, “ஓஹோ, இங்கீங்களா டேமேஜ்” என்று கையைக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ராமசாமி பொங்கலூருக்குப் போனார், மூக்கில் டியூப், தொண்டையில் அம்பு. ஆளாளுக்கு அவரை விசாரித்தார்களாம், ஒருவரும் ஊட்டவில்லையாம். குழம்பு வாசத்தை மட்டும் பிடித்துவிட்டுத் திரும்பி வந்து என்னைத் திட்டினார். திட்டுகிற குரல் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. பயிற்சியை விடாமல் செய்யச் சொன்னேன். திட்டிக்கொண்டே செய்தார்.

சில மாதம் கழித்து மறுபடி சோதித்தபோது குரல்வளை என் விரலுக்கடியில் துள்ளி ஏறியது. “ஆ” சொன்னார், தொண்டையில் நீர் தேங்கிய கொழகொழப்பு குரலில் இல்லை. குழைத்த தயிர்சோறு ஒரு கிண்ணம் முழுக்க இறங்கியது. பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் கற்றது இதுதான். நோயாளிக்குப் புரியவில்லை என்று கத்துவதற்கு முன்னால், அவன் தன் பிழைப்பில் அதே சேதிக்கு என்ன அடையாளம் வைத்திருக்கிறான் என்று பாருங்கள். கத்துவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு வந்த நோயாளிகளிடம் நான் இரண்டையும் செய்தேன்.

மரகதம் இத்தனை மாதமும் புதுசு புதுசாக மாற்றி ஒட்டிவந்த அம்பை, ராமசாமி அன்று தொண்டையிலிருந்து உரித்தார். எழுந்து வந்து என் வாய்க்கு நேராக, மாஸ்க்கின் மேல் ஒட்டினார்.

“இது எந்த நரம்புங்க டாக்டரம்மா, நிக்கவே மாட்டேங்குது?”

“பன்னிரண்டு” என்றேன். “எனக்கு அதுல ஒரு டேமேஜும் இல்ல.”