படகில் கூடுதல் கனம்

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ராஜபாளையம் திரும்பிய என் கணவர், தூத்துக்குடியில் மோட்டார் வைத்த பழைய சிறு படகு ஒன்றை வாங்கிவந்தார். மழையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கண்மாய் நிறைந்ததும், அதைச் சீறவிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரே வெறி. மோட்டாரைப் பிரித்துத் துடைத்தார், தண்ணீரைத் தள்ளும் விசிறியை மாற்றினார். வேகம் போதவில்லை. கனத்தைக் குறைக்க நங்கூரத்தையும் துடுப்பையும் கரையில் போட்டார். பிறகு முன்பலகையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நீயும் செத்த நேரம் எறங்கி நில்லு. கனமா இருக்கு."

கரையில் இருந்த மீன்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இறங்கினேன்.

முழு வேகத்தில் கிளம்பியதும் படகு மூக்கைத் தூக்கியது. பின்பக்கம் அமுங்கித் தண்ணீர் ஏறி, நடுக் கண்மாயில் மோட்டார் அணைந்தது.

"ஏட்டி, துடுப்பக் குடுத்துவிடு" என்று கத்தினார். நான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். லாரி டியூபில் மிதந்து வலை போடுகிற ஒருவர்தான் கயிறு கட்டி இழுத்துவந்தார்.

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"முன்னால கனம் இல்லாம படகு சமமா நிக்காது போல. நாளைக்கு ஒரு மணல் மூட்டைய வச்சிருவோம்" என்றார்.

அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் யாருடைய கனத்தில் எங்கள் வீடு கவிழாமல் இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. அவர் இப்போதும் மூட்டையோடுதான் போகிறார். துடுப்பு என்னிடம் இருக்கிறது.