நெல் மேல் ஏறிய ஆம்புலன்ஸ்

சுடர்விழிக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆம்புலன்ஸில் முதலுதவி செய்கிறவளுக்கு அது வேண்டியும் இருக்கிறது. திருப்பனந்தாள் பக்கத்துக்காரி, அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் படிக்க வைத்த பெண். "சைரன் போட்டுக்கிட்டுத் திரியிற வேலை பொண்ணுக்கு எதுக்கு?" என்று கேட்ட மாப்பிள்ளை வீட்டாரை, "உங்க வீட்டுக்கும் நான்தான் வரணும், பார்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பியவள்.

குறுவை அறுப்பு நேரம். விடாத மழைக்குப் பிறகு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு முற்பகலில் அழைப்பு வந்தது. வைரக்கண்ணு என்ற விவசாயிக்கு நெஞ்சுவலி.

போய்ப் பார்த்தால் மனிதர் வாசலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருக்கிறார். பெருங்காய மோர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"வாயுதாம்மா. ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடும்."

"ஏப்பம் வர்றப்ப வரட்டும் பெரியப்பா. இடது கை வலிக்குதா?"

"காலையிலேருந்து நெல்லு காயப் போட்டேன். வலிக்காம என்ன செய்யும்?"

பேச விடாமல் வண்டியில் படுக்கவைத்து இசிஜி எடுத்தாள். போனில் படத்தைப் பார்த்த டாக்டர், மாரடைப்பு என்றார். மாத்திரையை மென்று விழுங்கச் சொல்லி, ஒரு நிமிடம் தாமதிக்காமல் கும்பகோணம் கொண்டுவரச் சொன்னார். வைரக்கண்ணுவின் மனைவி அம்சமும் ஏறிக்கொண்டாள். ஓட்டுநர் ஃபாஜில் சைரனைப் போட்டான். சுடர்விழிக்கு உடம்பெல்லாம் முறுக்கேறியது. கை ஒன்று செய்ய, கண் ஒன்று பார்க்க, வாய் ஓயாமல் தைரியம் சொல்ல, இந்த வேலையில் அவளுக்குப் பிடித்ததே இந்த ஓட்டம்தான்.

வந்த வழியை விட்டுக் கும்பகோணம் ரோட்டில் ஊரைத் தாண்டியதும் வண்டி நின்றது.

"அக்கா, நெல்லு."

பாதி ரோட்டை விட்டுக் காயப்போடுவதுதான் ஊர் வழக்கம். இங்கே வெயிலைக் கண்ட ஆசையில் முழு ரோட்டிலும் பரப்பி, குறுக்கே கல்லும் வைத்திருந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சேற்று வயல். திரும்பிச் சுற்றிப் போனால் அரை மணி நேரம் பாழ்.

"எந்தப் புண்ணியவான் பண்ணுன வேலை இது?"

"நான்தாம்மா" என்று படுக்கையிலிருந்து பதில் வந்தது. "ஈரம்னு கொள்முதல் நிலையத்துல திருப்பிட்டாங்க. மேல ஏத்திடாதீங்க. நான் எறங்கித் தள்ளிவிடுறேன்."

பெல்ட்டை அவிழ்த்து எழுந்தே விட்டார். மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. சுடர்விழி அவர் தோளை அழுத்திப் படுக்கவைத்தாள்.

"எழுந்தீங்கன்னா செத்துப் போயிடுவீங்க பெரியப்பா. படுங்க."

ஃபாஜிலிடம் 'ஏத்து' என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. செருப்புக் காலோடு களத்தில் ஏறினால் முதுகில் அடி விழும் வீட்டில் வளர்ந்தவள். ஃபாஜிலின் காலும் பிரேக்கை விட்டு நகரவில்லை. அவ்வளவு நெல்லையும் தள்ளி முடிக்கும்வரை இந்த மனிதர் தாங்குவாரா? ஊரையே வாயடைக்க வைக்கிறவளுக்கு வாய் அடைத்துக்கொள்ள வேறு நேரமா கிடைக்கவில்லை!

அம்சம் கதவைத் திறந்து இறங்கினாள். கற்களை ஒவ்வொன்றாக வாய்க்காலில் உருட்டிவிட்டாள். ஃபாஜிலின் ஜன்னலருகே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஏத்துப்பா தம்பி. நட்டவ நான் சொல்றேன். நெல்லு அடுத்த போகத்துக்கும் வெளையும். இந்த மனுசன் வெளைய மாட்டாரு."

வலியில் முனகிக்கொண்டிருந்தவர் காதில் அது விழவில்லை. சுடர்விழிக்கு விழுந்தது.

அம்சம் ஏறியதும் வண்டி புறப்பட்டது. சக்கரத்தின் அடியில் நெல் நறநறத்தது. வைரக்கண்ணு கண்ணை இறுக மூடிக்கொண்டார். சுடர்விழிக்கு அழுகை முட்டியது. கூடவே வாயும் திரும்பி வந்துவிட்டது. "மூச்சை மெதுவா விடுங்க பெரியப்பா. தாண்டியாச்சு, வந்துட்டோம்." ஃபாஜில் வண்டியைப் பறக்க விட்டான். ஆஸ்பத்திரியில் அடைப்பைக் கரைக்கும் ஊசி நேரத்தோடு ஏறியது. மனிதர் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த போகமான தாளடி அறுப்பின்போது காலி வண்டியில் அதே வழியாக வந்தார்கள். பாதி ரோட்டில்தான் நெல் காய்ந்தது. பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த வைரக்கண்ணு கையைக் காட்டி நிறுத்தினார். நலம் விசாரித்தெல்லாம் நேரத்தை வீணாக்கவில்லை.

"ஏம்மா, அன்னைக்கு என் நெல்லு மேல ஏத்த உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"எனக்கு வரல பெரியப்பா. பெரியம்மாவுக்குத்தான் வந்துச்சு."

அவர் திரும்பினார். அம்சம் வெறுங்காலால் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீயா சொன்னே?"

"வேற யாரு சொல்லுவா?" என்றாள், தலை நிமிராமல்.

வைரக்கண்ணு குடையை மடக்கினார். பிறகு எழுந்து, தள்ளுபலகையை எடுத்து, நெல்லை ரோட்டின் ஓரத்துக்கு இன்னும் ஒரு முழம் ஒதுக்கித் தள்ளினார்.