‘வேகமா’ என்றுதான் சொன்னார்

பிளாஸ்டிக் ஸ்கேலை வரிக்கு வரி கீழே இறக்கிப் படித்துக்கொண்டிருந்தார் மெர்லின். மொழிபெயர்த்துக் கொடுத்த வழக்குக் கட்டு கைமாறிக் கால்மணி நேரமாகிறது. வக்கீல் குமாஸ்தா திருமுருகன் அதை வாங்கிக்கொண்டு மதுரை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். ஆனாலும் தன்னிடம் இருக்கும் பிரதியை இன்னொரு முறை படிக்காமல் மெர்லினுக்கு டீ தொண்டையில் இறங்காது.

புதுக்கோட்டை கோர்ட்டுக்குப் பக்கத்தில் புவனேஸ்வரியின் ஜெராக்ஸ் கடை. அங்கே லேமினேஷன் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே மெர்லினுக்கு ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர். இங்கே தமிழில் பதிவான சாட்சியங்கள் ஹைகோர்ட்டுக்குப் போகும்போது இங்கிலீஷில் வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. ஆவூர்க்காரர். டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது கணவர் பால்ராஜ் கூப்பிட்டாலும் போனை எடுக்கமாட்டார். தாளுக்குப் பக்கத்தில் டம்ளரை அண்டவிடமாட்டார். டீயை வாசலில் நின்றே குடிப்பார்.

அன்றைக்கு ஏழாம் பக்கத்தில் ஸ்கேல் நின்றுவிட்டது.

சரக்கு வண்டி டிரைவர் ஐயனாரின் வழக்கு அது. குடுமியான்மலைக்குப் பிரியும் விலக்கில் அவர் வண்டி மோதி, சைக்கிளில் வந்தவர் இறந்துபோனார். ஒரு வருட ஜெயில் என்று தீர்ப்பு. அதை எதிர்த்துத்தான் மதுரை ஹைகோர்ட்டுக்குப் போகிறார்கள். நேரில் பார்த்த சாட்சி சந்தனம் என்ற விவசாயி ஒருவர்தான். கூண்டில் நின்று அவர் சொன்னது, “வண்டி வேகமா வந்துச்சு, மோதிருச்சு.” மெர்லினின் விரல்களோ நூறு விபத்து வழக்குகளில் பழகிய தடத்திலேயே ஓடி, ‘ராஷ்’ என்று அடித்துவிட்டிருந்தன.

“அய்யோ மாதாவே!”

“என்னக்கா?” புவனேஸ்வரி எட்டிப் பார்த்தார்.

“வேகமாங்கிறதுக்கு ராஷ்னு போட்டுட்டேன்.”

“ராஷ்னா, புள்ளைக்கு டயப்பர் போட்டா செவசெவன்னு வருமே, அதுவாக்கா?”

“அதுக்கும் அந்தப் பேருதான். இது வேற. என்ன ஆகும்னு ரோசிக்காமத் துணியிறது. மெதுவாப் போறவன்கூட ராஷா ஓட்டலாம். வேகம்னா அது வண்டியப் பத்துன பேச்சு. ராஷ்னா ஆளப் பத்துன பேச்சு. தண்டனை குடுக்கிற சட்டத்துல இருக்கிற வார்த்தையே அதுதான். சாட்சி சொல்லாதத நான் சொல்லிட்டேன், புவனா.”

மூன்று தடவை கூப்பிட்டும் திருமுருகன் போனை எடுக்கவில்லை. மனுவைத் தாக்கல் செய்ய இன்றே கடைசி நாள். கைப்பையை அள்ளிக்கொண்டு தெருவில் இறங்கிய மெர்லின், வந்த ஆட்டோவை மறித்தார்.

“பஸ் ஸ்டாண்டு. வேகமாப் போங்க.”

டிரைவர் வேகமாகத்தான் போனார். பள்ளிக்கூட வாசலில் மட்டும் காலை பிரேக்குக்குக் கொண்டுபோனார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பிள்ளை கடந்த பிறகு மறுபடி விரட்டினார். ஐயனாரும் இப்படிப் பார்த்துத்தான் வந்தாரோ, கண்ணை மூடிக்கொண்டு வந்தாரோ, தெரியாது. தனக்குத் தெரியாது என்பதுதான் மெர்லினைக் குடைந்தது.

மதுரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் திருமுருகன்.

“அண்ணே, கட்ட எடுங்க. ஏழாம் பக்கம்.”

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார். “எல்லாரும் அப்படித்தானம்மா அடிக்கிறாங்க. வக்கீலும் ஒண்ணும் சொல்லமாட்டாரு. ஒத்த வார்த்தைக்கா ஓடியாந்தீங்க?”

“உண்மையான மொழிபெயர்ப்புன்னு கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன், அண்ணே. அந்த மனுசன் ஜெயிலுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். என் வார்த்தையால போகக் கூடாது.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பையைத் திறந்தார். மூன்று பிரதிகள். முதல் பிரதியில் அந்தச் சொல்லின் மேல் கோடு இழுத்து, வேகம் என்பதற்கான இங்கிலீஷ் சொல்லை எழுதி, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டார் மெர்லின். அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு மெர்லினைப் பார்த்துக் கத்தினார்.

“இறங்கும்மா, வண்டி கெளம்புது.”

“இன்னும் ரெண்டு காப்பி இருக்கு” என்று மெர்லின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டைவிட்டு வண்டி வெளியேறியது. கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை விரித்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் பேனாவைத் தாளிலிருந்து தூக்கிக்கொண்டார். ஓட்டம் சீரானதும் ஓர் எழுத்து எழுதினார், மறுபடியும் தூக்கிக்கொண்டார்.