இரண்டு ட்யூனரும் ஒரு பாட்டும்

கல்முனையில் நான் வேலை செய்யும் கந்தோரில் கிட்டார் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். என் பக்கத்து மேசைக்காரர் வயலின் வாசிப்பார். திருக்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர்; என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் அதிகாரி ஓய்வு பெறும் நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பாட்டு வாசிப்பதென்று மற்றவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

எனக்குச் சுருதி பிடிக்கும் காது கிடையாது. என்னிடம் இருப்பது ட்யூனர். தீப்பெட்டியளவு சாமான், கிட்டாரின் தலையில் கவ்விக்கொள்ளும். கம்பியைத் தட்டினால் முள் ஆடும், நடுவில் நின்று பச்சை எரிந்தால் சரி. வாசிப்பதைவிட அந்தப் பச்சையை வரவைப்பதில்தான் எனக்குச் சந்தோஷம்.

"எந்த நேரமும் முறுக்கிக்கிட்டே இரிக்கீங்க, வாசிக்கிற எப்ப?" என்று என் மனைவியும் ஒருநாள் கேட்டாள்.

விழா அன்று, கதிரைகள் அடுக்கிய பின்னறையில் நின்று இருவரும் சுருதி கூட்டினோம். எனக்கும் பச்சை, அவருக்கும் பச்சை. சேர்ந்து வாசித்தால், எருமைத் தயிரில் மீன் ஆணத்தை ஊற்றின மாதிரி இருந்தது.

"தம்பி, உங்கட கிட்டார் இறங்கிக் கிடக்கு."

"இல்ல அண்ணன், பச்சை எரியிது பாருங்க."

"எனக்கும் பச்சைதானே."

ட்யூனர்களை மாற்றிப் பார்த்தோம். என்னுடையது அவருடைய வயலின் ஏறிக் கிடப்பதாகச் சொன்னது. அவருடையது என் கிட்டார் இறங்கிக் கிடப்பதாகச் சொன்னது. ஆளுக்காள் சொந்த மெஷினை நம்பிக்கொண்டு நின்றோம். வெளியே வரவேற்புரை தொடங்கிவிட்டது.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பிடித்தார். அவருடையதின் மூலையில் 440 என்று இருந்தது. என்னுடையதில் 430.

"இதுதான் அடிச்சுருதிக் கணக்கு. பட்டனை அமத்தாம இது மாறாது. ஆரோ அமத்தியிரிக்காங்க" என்றார்.

என் வீட்டில் பட்டன் அமத்தக்கூடிய ஆள் ஒரே ஒருத்திதான். போன் எடுத்தேன். அண்ணனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓம், நான்தான் மாத்தின" என்றாள் மனைவி. "நேத்து மேசையில கிடந்திச்சி. பார்த்தா நாலு நாப்பது காட்டுது. என்ட போன்ல நாலரை. பத்து நிமிஷம் முந்தி ஓடுதெண்டு சரியாக்கி வெச்சன். ஏன், இப்ப பிந்தி ஓடுதா?"

அண்ணன் வயலினைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு, கதிரை அடுக்கைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினார்.

"ஓம், கொஞ்சம் பிந்தித்தான் ஓடுது" என்றேன்.

"அப்ப பெட்டரிய மாத்துங்க."

ட்யூனரை 440க்குக் கொண்டுவந்து ஆறு கம்பியையும் திரும்ப முறுக்கினேன். மேடையில் முதல் வரியிலேயே இரண்டும் ஒன்றாய்ச் சேர்ந்துவிட்டன. எனக்கே புல்லரித்தது. வாசித்து முடிக்கும்வரை அண்ணன் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

அதிகாரிக்கு மனம் நிறைந்துவிட்டது. "இன்னொண்டு வாசிங்க தம்பிமார்" என்றார்.

எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு பாட்டுத்தான். அண்ணன் என் காதில், "கொஞ்சம் விரைவாப் போவம்" என்றார். அதையே திரும்ப வாசித்தோம்.

கைலாகு கொடுக்கும்போது அதிகாரி சொன்னார்: "முதல் பாட்டும் நல்லம்தான். ஆனா எனக்குப் பிடிச்சது ரெண்டாவதுதான்."