இருமல் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது

எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் ஐ.சி.யு. கதவில் ஒரு பலகை உண்டு. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நிர்வாகம் அச்சடித்தது. ஹெப்பகோடி, ஓசூர்ப் பக்கமிருந்து வருகிற நம் ஜனங்களுக்கும் புரியட்டுமே என்று அதன் கீழே தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டியது நான்தான். ‘இருமல் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது.’ கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நர்ஸ்கள் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான்.

அந்தக் குழந்தைக்கு முப்பத்தைந்து நாள். முதல் தடுப்பூசிக்கே இன்னும் ஒரு வாரம் இருந்தது. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. திடீர் திடீரென்று மூச்சு நின்று நீலம் பாரித்துவிடும், அவ்வளவுதான். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் தாறுமாறாக ஏறியிருந்தன. கக்குவான் இருமலோ என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அவ்வளவு சின்னச் சிசுவுக்கு இருமக்கூடத் தெம்பிருக்காது, மூச்சுதான் நிற்கும். ஆனால் கக்குவான் என்றால் வீட்டில் பெரியவர் யாராவது இருமிக்கொண்டிருக்க வேண்டுமே.

கேட்டேன். கதவருகே, அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, குழந்தையின் அம்மாவிடம் கேட்டேன்.

“வீட்ல யாருக்காவது இருமல் இருக்காம்மா?”

“இல்ல மேடம். யாருக்கும் இல்ல.”

அவர் பார்வை ஒரு தடவை என் தலைக்கு மேலே போய்வந்தது. பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. ரத்தத்தில் வேறு ஏதோ கிருமி என்று முடிவுகட்டி, அதற்கான மருந்தை ஏற்றினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் லிஃப்ட் மக்கர் பண்ணியதால் படிக்கட்டில் இறங்கினேன். இரண்டு மாடிக்குக் கீழே அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு, மூச்சு முட்ட முட்ட இருமி, கடைசியில் வாந்தி எடுத்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“எத்தன நாளாம்மா இப்படி?”

“மூணு வாரமா மேடம். எனக்குக் கன்னடம், இங்கிலீஷ் எதுவும் படிக்க வராது. தமிழ்ல எழுதியிருந்துச்சே, அதப் படிச்சேன். சொன்னா உள்ள விட மாட்டீங்கல்ல? நான் பக்கத்துல இல்லன்னா புள்ள என்னா பண்ணும்?”

ஓடிப்போய் மருந்தை மாற்றினேன். மூக்கிலிருந்து சாம்பிள் எடுத்து அனுப்பினேன். கக்குவான்தான் என்று ரிசல்ட் வருவதற்குள் குழந்தையின் இதயம் தளர்ந்துவிட்டது. மறுநாள் காலை போய்விட்டது.

“நான் அன்னைக்கே சொல்லியிருந்தா பொழைச்சிருக்குமா மேடம்?”

“உங்க தப்பு இல்லம்மா” என்றேன். யார் தப்பு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோழை நான்.

அந்த வரியை அன்றைக்கே கிழித்துப் போட்டேன். இப்போதெல்லாம் பெற்றோரை உட்காரவைத்து, “இருமல் இருந்தாலும் மாஸ்க் குடுத்து உள்ள விடுவேன்” என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். எல்லோரும் உடனே சொல்லிவிடுகிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.