பூட்டிய பெட்டியும் என் கேபிளும்

எங்கள் கோழி ஷெட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. நாலு பக்கமும் அடைத்த ஷெட். காற்றாடி ஓடினால்தான் உள்ளே மூச்சு. எதை எப்போது ஓட்டுவது என்பதெல்லாம் அந்தப் பெட்டியின் கையில். பெட்டிக்குப் பூட்டு, சாவி கம்பெனி ஆளிடம். திறந்தால் வாரண்டி போய்விடும் என்பது பெரியப்பாவுக்கு வேதவாக்கு. ஆயுத பூஜையன்று அந்தப் பூட்டுக்கும் சேர்த்துச் சந்தனப் பொட்டு வைப்பார்.

பெட்டிக்கு அடியில், வெளிப்பக்கமாக ஒரு சீரியல் போர்ட் இருந்தது. சேலத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள் நான், சும்மா இருப்பேனா? ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையை லினக்ஸ் போட்ட என் பழைய லேப்டாப்பில் மாட்டி, அங்கேயே பலகையில் வைத்துவிட்டேன். இனி எங்கிருந்தும் அதற்குள் நுழைந்து பெட்டியோடு பேசலாம். அதற்குப் பெரியப்பா சொன்னது இன்னும் எரிகிறது. "கட்டிக் குடுத்த புள்ள வந்தமா, தின்னமா, போனமான்னு இருக்கோணும். பண்ணையில உனக்கென்ன சோலி?" அப்பா வழக்கம்போல அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டினார்.

போன சித்திரையில் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் இருந்தோம். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அப்பாவைக் கூப்பிட்டார். கரண்ட் இருக்கிறதாம், காற்றாடி மட்டும் மொத்தமாக நின்றுவிட்டதாம். "கோழியெல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க. பூட்ட ஒடைக்கட்டுங்களா?"

பெரியப்பா போனைப் பிடுங்கினார். "தொட்டராத. கம்பெனிக்காரங்களக் கூப்புடறேன்."

கம்பெனி ஆள் ஆத்தூரில் இருந்தார். அவர் பண்ணை இருக்கும் நாமகிரிப்பேட்டைக்கு வந்து சேர்வதற்குள் ஷெட்டில் ஒரு உயிர் மிஞ்சாது. அந்தக் கோழிகள்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு.

நான் எழுந்தேன். "பந்தியில பாதியில எந்திரிக்கக் கூடாது சாமி" என்றார் பெரியம்மா. எந்திரித்தாயிற்று. காரிலிருந்த இன்னொரு லேப்டாப்போடு மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, இன்டர்நெட்டில் எஸ்எஸ்ஹெச் வழியாகப் பண்ணை லேப்டாப்புக்குள் போய், சீரியல் போர்ட்டைத் திறந்தேன். திரை முழுக்கக் குப்பை எழுத்து. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் பேசினால்தான் எழுத்து எழுத்தாக வரும். போன தடவை வந்த கம்பெனி ஆள் வேகத்தை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லாமல். வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே ஒவ்வொரு வேகமாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாயிரத்து அறுநூறில் எழுத்து தெளிந்தது. வெப்பம் பார்க்கும் சென்சார் செத்துப்போனதால் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தது. சென்சாரை விட்டுவிட்டு எல்லாக் காற்றாடியையும் ஓட்டு என்று அடித்தேன்.

அப்பா போனைத் திரும்ப வாங்கி, அந்த அக்காவை மறுபடி கூப்பிட்டபடி பின்னால் நின்றிருந்தார். கையிலிருந்த போனில் முதலில் ஒரு காற்றாடி இரைந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் எல்லாம். "ஓடுதுங்க" என்று அந்த அக்கா அழுதார்.

ஷெட்டின் கோடியில் இருந்த கோழிகள் கொஞ்சம் போய்விட்டன. மற்றவை பிழைத்தன.

நாங்கள் பண்ணைக்குப் போனபோது கம்பெனி ஆள் என் கேபிளை முறைத்துக்கொண்டு நின்றார். "வெளியாளுங்க கேபிள் மாட்டுனா வாரண்டி கிடையாதுங்க. கழட்டிருங்க."

"கழட்டிரு சாமி" என்றார் பெரியப்பா.

நான் அசையவில்லை. மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா முன்னால் வந்தார். அண்ணன் எதிரில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"வெளியாளு யாருங்க? அது எம்புள்ள மாட்டுன கேபிளு. அங்கியேதான் இருக்கும். வேணும்னா உங்க பெட்டியைக் கழட்டிக்கிட்டுப் போங்க."