யெஸ்ஸை அமத்தச் சொன்னவன்

பாஸ்வேர்டைத் தட்டி முடித்ததும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்கும். யுத்தம் கடுமையாக இருந்த அந்த வருடங்களில் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம், ஆறு கொம்பியூட்டர்களுடன் ஒரு நெட் கஃபே நடத்தினேன். வருகிறவர்களில் பாதிப்பேர் லொட்ஜ்களில் விசாவுக்குக் காத்திருந்த வடபகுதிச் சனங்கள். அந்தப் பெட்டியைக் கண்டதும் பயந்து என்னைக் கூப்பிடுவார்கள். "யெஸ்ஸை அமத்துங்கோ" என்று இருந்த இடத்திலிருந்தே சொல்வேன். அமத்திவிட்டால் மறுநாள் பாஸ்வேர்டை மறந்து வந்து என் உயிரை வாங்க மாட்டார்கள். சிலருக்கு நானே அமத்தியும் விட்டேன். டீச்சருக்கும் அப்படித்தான்.

டீச்சர் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கனடாவிலிருந்த மூத்த மகனின் கடிதங்களை வாசிக்கத் தினமும் காலை பத்து மணிக்கு வருவார். எப்போதும் மூன்றாவது கொம்பியூட்டர்தான். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் அகப்பட்டிருந்த இளையவனை எப்படி வெளியே எடுப்பது, அதற்கு யாரைப் பிடிப்பது என்பதுதான் அந்தக் கடிதங்களில் இருந்தது. எனக்கு அது தெரியும். அவர் போனபின் நான் திறந்து வாசித்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் தன் பெயரின் முதலெழுத்தைத் தட்ட, அதே எழுத்தில் தொடங்கும் வேறு நாலு பெயர்களும் வரிசையாக விழுந்தன. கை தவறி ஒன்றை அமத்தியதில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கடிதங்கள் திறந்துவிட்டன. உடனே மூடிவிட்டு என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஐயா, இதில ஆர் வந்திருந்தாலும் மற்றாக்களின்ர கடிதத்தை வாசிக்கலாம் போல கிடக்கு. எல்லாத்தையும் அழிச்சுவிட்டு, சனத்துக்கும் ஒரு பேப்பரில எழுதி ஒட்டிவிடுங்கோ."

அழிப்பது ஒரு நிமிட வேலை. ஒட்டினால் அவ்வளவு சனமும் அடுத்த ஒழுங்கையிலிருந்த நெட் கஃபேக்குப் போய்விடும். அன்று கடை நிறைந்திருந்தது. நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "கவனமா இருங்கோ. டீச்சர் ஊராற்ற கடிதம் வாசிக்கத் துவங்கிட்டா." சிலர் சிரித்தார்கள். டீச்சர் வெளியேறினார்.

மறுநாள் வாசலில் நின்றே கேட்டார்: "என்ர பேரை மட்டும் எண்டாலும் அழிச்சுவிடுங்கோ ஐயா. பயமாக் கிடக்கு."

மூன்றாவது கொம்பியூட்டர் ஆளில்லாமல்தான் இருந்தது. "இடமில்லை டீச்சர். இது உங்கட வகுப்பறையுமில்லை" என்றேன். வேறெங்காவது போய்ப் பாஸ்வேர்டை மாற்றினாலே போதும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

அந்த வாரமே சிவில் உடையில் பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். டீச்சர் எந்தக் கொம்பியூட்டரில் இருப்பவர் என்று சிங்களத்தில் கேட்டார்கள். விரலை நீட்டினேன். ஓர் எழுத்துத்தான் தட்டினார்கள், டீச்சரின் கடிதங்கள் திறந்துவிட்டன. மகன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தபடியால் அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை வாசித்துச் சொல்லச் சொன்னார்கள். பயந்துதான் சொன்னேன், ஆனால் நல்ல சிங்களத்தில், ஒரு வரியும் விடாமல் சொன்னேன்.

பின்னேரம் டீச்சரை லொட்ஜிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. இளையவனும் வந்து சேரவில்லை.

சில மாதங்கள் கழித்து மூத்த மகன் கடையின் விலாசத்துக்கு எழுதினான். அம்மாவின் கடிதங்கள் அவர்கள் கையில் எப்படிக் கிடைத்தன என்று தெரியுமா என்று கேட்டிருந்தான். அம்மா யாருக்கோ பாஸ்வேர்டைச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, வயதானவர்கள்தானே, என்று பதில் போட்டேன். நன்றி சொல்லி எழுதினான்.

இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவன் வாழ்த்து அனுப்புகிறான். அம்மாவை அறிந்தவர்களில் எஞ்சியிருப்பது நான்தானாம்.